அதிமானுட நாயகனும் யூதர் வலிமையும்: ஒரு சமூகவியல் நோக்கு

சித்திரக்கதைகள் ஆய்வுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் எமது விமர்சன உலகில் இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. நாட்டார் பாடலும் கூத்தும் ஒரு காலத்தில் எதிர்கொண்ட புறக்கணிப்பை இன்று சித்திரக்கதை எதிர்கொள்கின்றது. ஆயின், கோடிக்கணக்கானோர் விரும்பி நுகரும் ஒரு கலைவடிவத்தைத் தரங்குறைந்தது என ஒதுக்கிவிடுவதனால் மட்டும் அதன் சமூகத் தொழிற்பாட்டை நாம் விளங்கிக்கொண்டவராகிவிட மாட்டோம். வெகுசனப் பண்பாட்டின் விளைபொருள்கள் பல வேளைகளில் உயர் இலக்கியம் சொல்லக் கூசுவனவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் கனவுகள் அவற்றினூடே வெளிப்படும்போது அவற்றைப் புறந்தள்ளுதல் விமர்சகனுக்கு அழகன்று.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா ஒன்றே. சுப்பர்மேன், கப்டன் அமெரிக்கா முதலாய அமெரிக்கச் சித்திரக்கதை நாயகர்கள் யூத இனத்தின் வலிமைக்கும் அழியா நிலைபேற்றுக்கும் குறியீடுகள் என்ற கருத்து எவ்வளவு தூரம் ஏற்புடையது? இக்கருத்து அண்மைக் காலத்தில் மிகப் பரவலாக வழங்கி வருகின்றது. சிம்ச்சா வைன்ஸ்டீன் 2006 இலும், டானி ஃபிங்கரொத் 2007 இலும், ஆரி கப்லான் 2008 இலும், ஹரி புரொட் 2012 இலும் வெளியிட்ட நூல்கள் இதனை வெவ்வேறு அளவில் வலியுறுத்தின. இவர்களுள் வைன்ஸ்டீன் யூத மதகுரு. அவருடைய நோக்கு சமயம் சார்ந்ததாய் அமைந்தமை வியப்பன்று. மறுபுறத்தில், மார்ட்டின் லுண்ட் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், சுப்பர்மேனின் ஆரம்பக் கதைகளை அவை தோன்றிய காலத்து அமெரிக்கச் சூழலில் வைத்து நோக்கி, பிற்காலத்தோர் அவற்றுள் கண்ட யூத அடையாளங்கள் பலவற்றுக்கு ஆதாரம் போதாது என்று வாதிட்டார். இவ்விரு சாராரிடமும் நாம் கற்கவேண்டியது உண்டு. ஆனால் இரு சாராருமே வினாவைச் சற்றுக் குறுக்கிவிடுகின்றனர் என்பது எமது கருத்து. நாயகன் யூதனா அல்லனா என்று கேட்பதிலும், அந்நாயகனை உருவாக்கிய மனிதர்களுக்கு வலிமை ஏன் கனவாக மட்டும் கிட்டியது என்று கேட்பதே பயனுடைத்து.

1880 களுக்கும் 1924 க்கும் இடையில் இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட யூதர்கள் கிழக்கைரோப்பாவிலிருந்து அமெரிக்காவிற் குடியேறினர். வறுமையும் படுகொலைகளும் அவர்களைத் துரத்தின. நியூ யோர்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த அவர்களிற் பெருந்தொகையினர் ஆடைத் தொழிற்சாலைகளில் உழைத்தனர். 1924 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அவர்களின் உறவினருக்குக் கதவடைத்தது. அவர்களுடைய பிள்ளைகள் அமெரிக்கப் பாடசாலைகளிற் கற்று, ஆங்கிலத்திற் கனவு கண்டு வளர்ந்தனர். ஓவியத்திலோ எழுத்திலோ ஆற்றலுடையோராய் இருந்தும், விளம்பர நிறுவனங்களும் மதிப்பு வாய்ந்த சஞ்சிகைகளும் யூதப் பெயருடையோரை எளிதில் உள்ளே விடவில்லை. சித்திரக்கதைச் சஞ்சிகையோ அக்காலத்தில் அச்சுத்தொழிலின் அடித்தட்டு. மதிப்புள்ளோர் எவரும் நாடாத இடம். ஆதலால் அங்கே இடம் இருந்தது. ஹரி டொனன்ஃபெல்ட், ஜக் லீபோவிட்ஸ், மார்ட்டின் குட்மன், மக்ஸ் கெயின்ஸ் ஆகிய வெளியீட்டாளர்களும், அவர்களிடம் பக்கக் கூலிக்கு வரைந்த இளைஞர்களிற் பலரும் யூதர்களாய் அமைந்தமைக்குக் காரணம் இதுவேயன்றி, இனத்துக்குரிய ஏதோ கற்பனைச் சிறப்பன்று.

இவ்விளைஞர்கள் தமது பெயர்களை மாற்றிக்கொண்டமை மனங்கொள்ளத்தக்கது. ஜேக்கப் குர்ட்ஸ்பேர்க் ஜக் கேர்பி ஆனார். ஸ்டான்லி லீபர் ஸ்டான் லீ ஆனார். ரொபேர்ட் கான் பொப் கேன் ஆனார். முகமூடி நாயகர்களை வரையத் தொடங்குவதற்கு முன்னரே வரைந்தவர்கள் முகமூடி அணிந்துவிட்டனர் எனலாம்.

ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் பிறந்த ஆண்டு 1914. சீகல் கிளீவ்லாந்திலும் ஷூஸ்டர் ரொறன்ரோவிலும் பிறந்தனர். பின்னர் கிளீவ்லாந்தின் கிளென்வில் உயர்தரப் பாடசாலையிற் சந்தித்தனர். லித்துவேனியாவிலிருந்து வந்த சீகலின் தந்தையார் ஆடைக்கடை வைத்திருந்தவர். 1932 இல் அக்கடையில் நிகழ்ந்த ஒரு கொள்ளையின்போது மாரடைப்பால் மாண்டார். சரியாக அடுத்த ஆண்டு, கையச்சு ஏடொன்றில் இவ்விருவரும் 'சுப்பர்மேன்' என்ற பெயரில் வெளியிட்ட முதற் கதையில் அப்பெயருக்குரியவன் தீயவன். பிறர் மனத்தை ஆளும் மொட்டைத் தலையன். 1933 இல் ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 'அதிமனிதன்' என்ற சொல்லை நாசிகள் தம் இனவெறிக்கு அணிகலனாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அதே சொல்லைப் பின்னர் இவ்விரு யூத இளைஞர்களும் ஏழைகளின் காவலனுக்குச் சூட்டினர் என்பது ஒரு சுவையான முரண். ஆனால் அதனைத் திட்டமிட்ட மறுதலிப்பு என்று கொள்வதற்கு நாம் அவசரப்படவேண்டியதில்லை. நீட்சேயைவிடப் பேர்னாட் ஷோவின் 1903 ஆம் ஆண்டு நாடகத்தினூடாகவும் விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளினூடாகவும் அச்சொல் அமெரிக்கத் தெருக்களில் ஏற்கெனவே புழங்கியது.

1938 ஜூன் என்ற திகதி பொறித்து வெளியான 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலிதழைப் படித்துப் பார்ப்போருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அங்கு வரும் சுப்பர்மேன் வேற்றுலக அரக்கருடன் போரிடுபவன் அல்லன். மரண தண்டனை பெற்ற குற்றமற்ற பெண்ணைக் காப்பாற்றுகிறான். மனைவியை அடிக்கும் கணவனைப் புடைக்கிறான். ஊழல் செனற்றரின் பின்னால் நிற்கும் தரகனைத் தூக்கிச்சென்று நடுங்கவைக்கிறான். மூன்றாம் இதழில், பாதுகாப்பற்ற சுரங்கத்தின் உரிமையாளனை அவனது விருந்தினரோடு அச்சுரங்கத்துள்ளேயே அடைபடச் செய்து, தொழிலாளி நாள்தோறும் அனுபவிப்பதை உணர்த்துகிறான். எட்டாம் இதழில் சேரிகளை இடித்துத் தகர்க்கிறான்; அரசாங்கம் அவ்விடத்திற் புதிய வீடுகளைக் கட்டவேண்டியதாகின்றது. ஒடுக்கப்பட்டோரின் காவலன் என்றே முதலிதழ் அவனை அறிமுகம் செய்கின்றது. பொருளாதாரப் பெருமந்தமும் ரூஸ்வெல்ட்டின் புதிய ஏற்பாட்டுக் கொள்கையும் அவனைப் பெற்றெடுத்தன என்று லுண்ட் போன்றோர் கூறுவது இவ்வளவில் முற்றிலும் சரியே.

யூத அடையாளம் தேடுவோர் முன்வைக்கும் சான்றுகள் இரண்டு. நாணற் பேழையில் விடப்பட்ட மோசேயைப் போல விண்கலத்தில் விடப்பட்ட குழந்தை என்பது ஒன்று. 'கல்-எல்' என்னும் அவனது இயற்பெயரில் வரும் 'எல்' ஹீப்ரு மொழியிற் கடவுளைக் குறிப்பது என்பது மற்றது. இரண்டாவது சான்று மிக நொய்தானது. 1939 இல் தொடங்கிய செய்தித்தாட் கதையில் தந்தையின் பெயர் 'ஜோர்-எல்' என ஒற்றை ஆங்கில எழுத்தைக் கொண்டே எழுதப்பட்டது. ஹீப்ரு ஒலியை நினைவூட்டும் எழுத்துக்கூட்டல் 1942 இல் ஜோர்ஜ் லோதர் எழுதிய நாவலிலேதான் தோன்றுகின்றது. ஜெரோம் சீகல் என்ற தன் பெயரின் முதலும் ஈறும் சேர்த்து எழுத்தாளர் விளையாடியிருக்கலாம் என்று கருதுவதே பொருத்தம். பெயரொலி கொண்டு வரலாறு எழுதுவதன் அபாயத்தை, சொற்பிறப்பு ஆராய்ச்சி என்ற பெயரில் நிகழ்ந்த பலவற்றையும் கண்ட எமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மோசே ஒப்புமையும் அவ்வளவு நேரானதன்று. முதலிதழில் அக்குழந்தையைக் கண்டெடுப்பவர் வழிப்போக்கரான ஒரு வாகன ஓட்டி. அவர் அதனை அநாதை இல்லத்தில் ஒப்படைக்கிறார். அரண்மனையும் இல்லை, அரசகுமாரியும் இல்லை. எனினும், அழியும் உலகிலிருந்து தனித்து அனுப்பப்பட்ட குழந்தை அமெரிக்க மண்ணில் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது என்ற அடிக்கதையை அக்காலத்தோடு சேர்த்துப் படித்தல் அவசியம். அடுத்த ஆண்டு, 1939 மே மாதம், ஹாம்பேர்க்கிலிருந்து 900 க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு புறப்பட்ட 'சென் லூயிஸ்' கப்பல் கியூபாவிலும் அமெரிக்காவிலும் இடமின்றி ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதே ஆண்டில், 20,000 ஜேர்மன் அகதிச் சிறுவர்களை ஏற்கக் கோரும் மசோதா அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறாமலே மடிந்தது. கற்பனைக் குழந்தைக்குக் கிட்டிய அநாதை இல்லம் உண்மைக் குழந்தைகளுக்குக் கிட்டவில்லை. கதையாசிரியர் இதை எண்ணித்தான் எழுதினாரா என்பது வேறு வினா. 1938 இல் அவர் எழுதியதை 1939 பொய்யாக்கிற்று என்பதே எமக்கு முக்கியம். நாசி ஜேர்மனியில் யூதர் துன்புறுத்தப்பட்ட செய்திகள் தம்மைப் பாதித்தன என்று சீகல் பிற்காலத்திற் குறித்துள்ளார். அதோடு திரைப்படச் சாகசக்காரர்களையும் சிம்சோனையும் ஹெர்க்குலிஸையும் அவர் ஒரே மூச்சில் நினைவுகூர்வது வழக்கம். படைப்பாளியின் மனத்தில் இவை யாவும் கலந்தே கிடந்தன.

உண்மையில் ஆராயப்பட வேண்டியது கிளாக் கென்ற் என்னும் பாத்திரமே. மூக்குக் கண்ணாடியணிந்த, கூச்ச சுபாவமுள்ள, பெண்கள் ஏளனம் செய்யும் பத்திரிகையாளன். ஏனைய முகமூடி நாயகர்களுக்கு வலிமையே வேடம். சுப்பர்மேனுக்கோ பலவீனமே வேடம். ஜூல்ஸ் ஃபைஃபர் 1996 இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை, கிழக்கைரோப்பியப் பூர்வீகத்தை மறைத்து அமெரிக்கப் பெருஞ் சமூகத்துட் கரைந்துவிட விரும்பிய யூத இளைஞனின் கனவாகக் கண்டார். கிறிப்டன் கோளை அவர் மின்ஸ்க் நகரோடு இணைத்தது வெறும் நகைச்சுவை அன்று. இக்கருத்து எமக்கு உடன்பாடே. ஆனால் அதன் கசப்பான பக்கத்தையும் பேசவேண்டும். அக்கனவில், யூதனைப் போலத் தோற்றமளிப்பவன் வேடமாகின்றான். உண்மையானவன் யூதச் சாயல் எதுவுமற்ற கட்டுடல் வீரன்.

இது அமெரிக்காவிலே புதிதாய் முளைத்த எண்ணமன்று. 1898 இல் பாசல் நகரிற் கூடிய இரண்டாம் சியோனிச மாநாட்டில் மக்ஸ் நோர்டாவ் தசைவலிமை பெற்ற யூதனை வேண்டி நின்றார். வளைந்த முதுகும் புத்தகப் புழுவின் கண்களும் கொண்ட சேரி யூதனை அவர் மாற்றியமைக்க விரும்பினார். அச்சேரி யூதனின் சித்திரம் யூத எதிர்ப்பாளர்கள் தீட்டியது என்பதே இங்குள்ள அவலம். தன்னை இழிவுபடுத்துவோன் வரைந்த ஓவியத்தை ஏற்று, அதற்கு எதிரிடையாகத் தன்னைச் செதுக்க முனைதல் ஒடுக்கப்பட்டோர் பலரிடமும் காணப்படும் போக்காகும். இதன் எளிய, மனிதத்தன்மை மிக்க வடிவத்தைச் சிஷே பிரைட்பார்ட்டின் வாழ்விற் காணலாம். போலந்தின் லொட்ஸ் நகரில் 1893 இற் பிறந்த இக்கொல்லர் குடும்பத்து மல்லன் இரும்புச் சங்கிலிகளைக் கடித்து அறுத்து வியன்னாவையும் பேர்லினையும் நியூ யோர்க்கையும் வியக்கவைத்தான். ஏழை யூதர்கள் அவனைத் தம் காவலனாகவே கொண்டாடினர். 1925 இல், காட்சியின்போது ஆணியொன்றாற் பட்ட காயம் நஞ்சாகி அவன் இறந்தான். சுப்பர்மேனுக்கு இவனே மூலம் என ஊகிப்போரும் உளர். ஊகம் எவ்வாறாயினும், ஆணியால் மாண்டவன் மனிதன். குண்டு துளைக்காத உடல் அதன் பின்னரே கற்பனையிற் பிறந்தது.

கப்டன் அமெரிக்காவிற்கு வரும்போது பொருள் ஐயத்துக்கிடமின்றி அரசியலாகின்றது. ஜோ சைமனும் ஜக் கேர்பியும் உருவாக்கிய முதலிதழ் 1941 மார்ச் திகதியோடு 1940 டிசெம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் நாயகனின் முட்டி ஹிட்லரின் தாடையிற் பதிகின்றது. அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஏறக்குறைய ஓராண்டு இருந்தது. நடுநிலைமையே நாட்டின் கொள்கையாயிருந்தது. மிரட்டற் கடிதங்கள் வந்தன என்றும், அலுவலகத்துக்கு வெளியே ஐயத்துக்குரியோர் நின்றனர் என்றும், நகர முதல்வர் லா கார்டியாவே தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்பு உறுதியளித்தார் என்றும் சைமன் நினைவுகூர்ந்துள்ளார். அவ்வட்டை பிரசாரம்தான். பிரசாரமாக இருந்தமையாலேயே அது கலையன்று என்று சொல்லும் தூய கலைவாதிகள், கேர்பி அவ்வட்டையில் உடல்களை இயக்கிய முறையை ஒருதரம் உற்று நோக்குவாராக. கீழ்க்கிழக்குப் பகுதித் தெருச் சண்டைகளிற் பயின்ற கண் அது.

எனினும், அந்நாயகன் எவ்வாறு உருவாகிறான் என்பதும் நோக்கற்பாலது. படையிற் சேரத் தகுதியற்றவன் எனத் தள்ளப்பட்ட நோஞ்சான் இளைஞன், பேராசிரியர் றைன்ஸ்டீன் செலுத்தும் மருந்தினால் நொடிப்பொழுதிற் பேருடல் பெறுகிறான். விஞ்ஞானியின் பெயர் ஐன்ஸ்டீனை நினைவூட்டுவது. ஆனால் மருந்தினாற் கிடைக்கும் உடல் எத்தகையது? பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்களும் உடையது. நாசிகளின் சுவரொட்டிகளிற் காணும் ஆரிய உடலுக்கும் இதற்கும் வெளித்தோற்றத்திற் பெரிய வேறுபாடில்லை. மருந்தை அளித்த விஞ்ஞானியோ அக்கணமே நாசி ஒற்றனாற் கொல்லப்படுகிறான். பகைவனின் அழகியலை ஏற்றுக்கொண்டு பகைவனை அடிக்கும் இம்முரணைக் குறியீட்டு வாதிகள் கண்டுங் காணாததுபோற் கடந்துவிடுகின்றனர். படைத்தவர்களைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. சந்தை வேண்டிய முகம் அது. யூத முகத்தோடு ஒரு நாயகனை அந்நாளில் எந்த வெளியீட்டாளரும் அச்சிட்டிருக்கமாட்டார், அவர் யூதராக இருந்தபோதிலும்.

நாசிகள் இம்முகமூடியை ஊடறுத்துப் பார்த்தனர். 1940 பெப்ருவரியில் 'லுக்' சஞ்சிகையில் வெளியான இரு பக்கக் கதையில் சுப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் பிடித்துச் சென்று ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகிறான். ஏப்ரலில் எஸ். எஸ். படையின் வார ஏடு சீகலின் யூதப் பிறப்பைச் சுட்டி இகழ்ந்து எழுதியது. கதையைப் படைத்தவர் வெளிப்படையாய்ச் சொல்லாத ஒன்றைப் பகைவனே உரத்துச் சொன்னான். இதைவிடக் கவனிக்கவேண்டியது, போர்க்காலக் கதைகளிற் பெரும்பாலும் நிலவிய மௌனம். நாசிகள் நூற்றுக்கணக்கில் உதைபடுகின்றனர். நாசிகளால் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த மக்களின் பெயரோ அரிதாகவே வருகின்றது. 1946 இல் கூ கிளக்ஸ் கிளானுக்கு எதிராக ஒலிபரப்பான துணிச்சல் மிக்க சுப்பர்மேன் வானொலித் தொடரிலும் தாக்கப்படும் குடும்பம் சீன வம்சாவளியினதே.

வலிமையின் எல்லையையும் கதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு பிற்பகலிற் போரை முடிக்கக்கூடியவன் ஏன் முடிக்கவில்லை? 1942 இல் இதற்கு விடை கண்டனர்: படையிற் சேரச் சென்ற கிளாக் கென்ற், தன் ஊடுருவு பார்வையால் அடுத்த அறையிலிருந்த எழுத்துப் பலகையைத் தவறுதலாக வாசித்துக் கண் பரிசோதனையிற் தோற்கிறான். சிரிப்பூட்டும் உத்திதான். ஆயினும் அச்சிரிப்பின் அடியில் ஒரு கையறுநிலை கிடக்கின்றது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்கப் படைகளிற் பணியாற்றினர். கேர்பியே 1944 ஓகஸ்டில் பிரான்சிற் காலாட்படை வீரனாய் இறங்கி, குளிராற் கால்கள் விறைத்து மருத்துவமனை சேர்ந்தார். பனியால் விறைக்கும் கால்களே போரை வென்றன.

இந்நாயகர்களுக்கு மூலம் தேடுவோர் பிராக் நகரின் கோலத்தைச் சுட்டுவர். களிமண்ணாற் செய்து மந்திர எழுத்தால் உயிரூட்டப்பட்ட அவ்வூமைக் காவலனின் கதை, 1609 இல் மறைந்த ரபி லோவின் பெயரோடு மிகப் பிற்காலத்திலேயே இணைக்கப்பட்டது. இன்று பரவலாக அறியப்படும் வடிவத்தை யூட்ல் றோசன்பேர்க் 1909 இல், பழஞ்சுவடி என்ற பாவனையில், வெளியிட்டார். கிறித்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தம் எடுக்கின்றனர் என யூதர்மீது சுமத்தப்பட்ட பொய்ப்பழியே அங்கு கோலம் எதிர்த்து நிற்கும் ஆபத்து. ரஷ்யப் பேரரசிற் படுகொலைகள் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்துக்கு அக்கதை உரியது. ஒப்புமை உண்மையே. ஆனால் வேறுபாடே பெரிது. ஆபத்து நீங்கியதும் கோலம் மீண்டும் மண்ணாக்கப்படுகின்றது. வலிமை தேவையின் அளவே இருத்தல் வேண்டும் என்ற அச்சம் அக்கதையின் உயிர்நாடி. பண்ட்டு இயக்கத்தவராய்ச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் தப்பி அமெரிக்கா சேர்ந்த எச். லெய்விக், 1921 இல் வெளியான தம் இத்திஷ் நாடகத்தில் இன்னும் ஓரடி செல்கிறார். அங்கே கோலம் தான் காக்கவந்த மக்களின் மீதே கோடரியை ஓங்குகின்றது. புரட்சியின் வன்முறையை நேரிற் கண்ட ஒருவரின் மனச்சாட்சி அதிற் பேசுகின்றது.

அமெரிக்க அதிமானுட நாயகனை எவராலும் மண்ணாக்க முடியாது. அவன் மாதந்தோறும் விற்கப்படவேண்டிய பண்டம். ஆபத்து ஓய்ந்தால் அடுத்த இதழ் இல்லை. கோலத்தின் நெற்றியில் எழுதியிருந்தது உண்மை என்னும் சொல். இவனுடைய மார்பிலுள்ளதோ வணிக முத்திரை.

இம்முத்திரையின் உரிமை யாருக்கு என்பதிலேயே வலிமை பற்றிய இனவாத விளக்கங்கள் முற்றாகத் தகர்ந்து போகின்றன. 13 பக்கங்கள், பக்கத்துக்கு 10 டொலர்: ஆக 130 டொலருக்குச் சீகலும் ஷூஸ்டரும் 1938 இற் சுப்பர்மேனை முழுவுரிமையோடு விற்றனர். வாங்கியோரும் யூதரே. 1947 இல் வழக்காடியோரின் பெயர்கள் கதைகளிலிருந்து அகற்றப்பட்டன. சீகல் பின்னாளில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். ஷூஸ்டரின் கண்பார்வை மங்கியது. திரைப்படம் வருவதையறிந்து 1975 இற் சீகல் பகிரங்கமாக எழுப்பிய ஓலத்தின் பின்னரே ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் இழந்த பெயரும் கிட்டின. கேர்பியின் மூல ஓவியங்களில் ஒரு பகுதி நெடுநாட் போராட்டத்தின் பின் 1987 இலேயே அவர் கைக்கு வந்தது. 'யூத வலிமை' எனப் பொதுப்படப் பேசுவோர், ஒரே இனத்துள் முதலாளியும் கூலியும் இருந்தனர் என்பதையும், ஒடுக்கப்பட்டோரின் காவலனைப் படைத்தவனே ஒடுக்கப்பட்டான் என்பதையும் கணக்கிலெடுப்பதில்லை.

நிலைபேறு என்பதை வேறிடத்திலும் தேடவேண்டும் என்று கருதுவதற்கு ஒரு சிறு கைப்பிரதி என்னைத் தூண்டுகின்றது. ஜேர்மன் யூதரான ஹோர்ஸ்ட் றோசன்தால் 1942 இற் பிரான்சின் குர்ஸ் தடுப்பு முகாமில் 'மிக்கி குர்ஸ் முகாமில்' என்ற படக்கதையை வரைந்தார். மிக்கி எலி பத்திரங்களின்றிக் கைதாகி முகாமுக்கு அனுப்பப்படுகின்றது. நீ யூதனா என்று அதிகாரி வினவுகிறார். அவ்விடயத்தில் தனக்கு எதுவும் தெரியாது என்று எலி நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றது. கடைசியில், தான் வெறும் கோட்டோவியம்தானே என்று நினைத்து அழிறப்பர் ஒன்றினால் தன்னைத்தானே அழித்துக்கொண்டு, சுதந்திர நாடான அமெரிக்காவுக்குப் போய்விடுகின்றது. வரைந்தவருக்கு அவ்வழி இருக்கவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பரில் அவர் அவுஸ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். பறக்கும் நாயகன் எவனும் அப்பக்கங்களில் இல்லை. எள்ளல் மட்டுமே உண்டு. கொலைக்களத்தின் வாயிலில் நின்று அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கும் அவ்வாற்றலை வலிமை என்று சொல்லாவிடில் வேறெதனைச் சொல்வது?

போருக்குப் பின் பேர்னாட் கிரிக்ஸ்டீன் வரைந்து 1955 இல் வெளியான எட்டுப் பக்கக் கதையும் இவ்வகையினதே. நியூ யோர்க் சுரங்க ரயிலிற் பயந்து ஒடுங்கியிருக்கும் ஒருவனை முகாமிலிருந்து தப்பியவன் என்றே வாசகர் எண்ணுவர். அவன் முகாமின் அதிபதி என்பது பின்னர் வெளிப்படும். எதிரே வந்தமர்ந்த கறுப்பு உடைக்காரனைக் கண்டு ஓடி, ரயிலின் முன் வீழ்ந்து மடிகிறான். கறுப்பு உடைக்காரனிடம் எவ்வித ஆற்றலுமில்லை. அவன் கையை உயர்த்துவதுகூட இல்லை. நினைவொன்றே போதுமானதாயிருந்தது.

அதிமானுட நாயகக் கதைக்குள்ளேயே இத்தகைய கேள்விகள் புகுவதற்கு 1981 வரை செல்லவேண்டியிருந்தது. அவ்வாண்டில் இரு கதைகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே பிரச்சினையைத் தொட்டன. கிறிஸ் கிளெயர்மொன்ற் எழுதிய 'எக்ஸ்-மென்' 150 ஆம் இதழில், அதுவரை தட்டையான வில்லனாயிருந்த மக்னீட்டோ அவுஸ்விட்ஸிற் குடும்பத்தை இழந்தவன் என்பது தெரியவருகின்றது. (அவன் யூதன் என்பது ஐயமற உறுதிப்பட்டது 2008 இலேயே.) தன் இனத்தாருக்கு மீண்டும் அக்கதி நேராதிருக்க உலகையே ஆளத் துணிந்தவன், கோபத்திற் பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தியைத் தாக்கி வீழ்த்திய கணத்தில் கை தளர்கிறான். தான் வெறுத்தவர்களைப் போலத் தானே ஆகிவிட்டதை உணர்கிறான். அச்சிறுமி யூதப் பெண்ணாகிய கிற்றி பிரைட். லெய்விக்கின் கோலம் அறுபது ஆண்டுகள் கழித்து வணிகச் சஞ்சிகையொன்றில் மறுபிறவி எடுத்ததோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

மற்றையது 'ஹல்க்' 256 ஆம் இதழ். பில் மன்ற்லோ எழுதியது. மார்பில் தாவீதின் நட்சத்திரம் தாங்கி வெள்ளையும் நீலமும் அணிந்த சாப்ரா என்னும் இஸ்ரேலிய உளவுப்பிரிவு வீராங்கனை அதில் முழுமையாய் அறிமுகமாகிறாள். முகமூடி தேவைப்படாத முதல் யூத நாயகர்களுள் அவள் ஒருத்தி; வெளிப்படையான யூத வலிமை இங்கேதான் ஈற்றிற் காட்சிதருகின்றது. ஆனால் அது அரசொன்றின் சீருடையில் வருகின்றது. கதையின் மையம் அவளல்லள், சஹத் என்னும் அரபுச் சிறுவன். ஹல்க்கோடு நட்புப் பூண்ட அவன் குண்டுவெடிப்பொன்றில் இறக்கிறான். பேச்சுத் திறனற்ற அப்பச்சை அரக்கன், ஒரே மண்ணை இரு மக்கள் உரிமைகோரியமையால் சிறுவன் மாண்டான் என்று சாப்ராவை நோக்கிக் குமுறுகின்றான். அப்போதுதான் அவள் பிணத்தை ஒரு குழந்தையாகக் காண்கிறாள். கதை தயங்கித் தயங்கியே பேசுகின்றது. குடிபெயர்க்கப்பட்ட பலஸ்தீனரின் வரலாற்றை அது சொல்லவில்லை. எனினும், சீருடை அணிந்த வலிமைக்கு எதிரே ஒரு சிறுவனின் உடலை வைத்த துணிவு பாராட்டத்தக்கது. 2022 இல் அப்பாத்திரம் திரைக்கு வருமென அறிவிக்கப்பட்டதும், 1982 இற் சாப்ரா, ஷட்டீலா முகாம்களில் நிகழ்ந்த படுகொலையை அப்பெயர் நினைவூட்டுவதாகக் கண்டனம் எழுந்தது. பெயர் அப்படுகொலைக்கு முந்தியது என்பது உண்மை. ஆயினும் 2025 இல் வெளியான திரைப்படத்தில் அவள் அமெரிக்க அரசாங்க அதிகாரியாக வந்தாள். நட்சத்திரமும் சீருடையும் காணாமற்போயின. 1938 இல் பலவீனர் கண்ட கனவைப் படித்த கண்களாலேயே, படைபலம் கொண்ட அரசின் சின்னத்தைப் படிக்க இயலாது என்பதைத் திரைப்பட முதலாளிகளே கணக்குப் பார்த்து உணர்ந்துவிட்டனர் போலும்.

இக்கதைகளுட் கேர்பியின் இயல்புக்கு மிக நெருங்கியது 'திங்' எனப்படும் பென் கிறிம். 1961 இற் பிறந்த இக்கற்பாறை மனிதனுக்குக் கேர்பி தம் தந்தையாரின் பெயரை இட்டார். அவன் வளர்ந்த யான்சித் தெரு, டிலான்சித் தெருவின் சாயல். ஆனால் அவன் யூதன் என்பது 2002 வரை அச்சேறவில்லை. அவ்வாண்டு வெளியான இதழொன்றில், சிறுவயதிற் திருடிய தாவீதின் நட்சத்திரப் பதக்கத்தைத் திருப்பிக்கொடுக்க அவன் அடகுக்கடைக் கிழவரைத் தேடிப் பழைய தெருவுக்கு வருகிறான். கிழவர் மயங்கி வீழ, பல்லாண்டு மறந்திருந்த மன்றாட்டைத் தட்டுத்தடுமாறிச் சொல்கிறான். உன்னைப் பார்த்தால் யூதனைப் போலத் தெரியவில்லையே என்கிறான் அங்கு நிற்கும் எதிரி. உயிர்தப்பிய கிழவரோ, இத்தனை காலம் சொல்லாதிருந்தது வெட்கத்தினாலா என்று கேட்கிறார். இல்லை, யூதரெல்லாம் தன்னைப் போன்ற அரக்கர்கள் என்று உலகம் எண்ணிவிடக்கூடாதே என்ற கவலையினால் என்பது அவன் விடை. கோலத்தின் கதையை அவனுக்கு நினைவூட்டியபடி கிழவர் கடைக்குள் திரும்பிச் செல்கிறார்.